ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை

யூனியன் பிளேஸ், பதினோராம் மாடி.
ஏசிக் குளிருக்குச் சேட்டின் மேல் சுவெட்டர்.
கண்ணாடிக்கு வெளியே பேர வாவியை
மழை அழித்து அழித்து எழுதுகிறது.

நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள்.
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் என் கணினி.
இருக்கிறாயா? எவ்வளவு சூடு?
எத்தனை பொதி போனது, எத்தனை விழுந்தது?
கேட்டதற்கு மட்டும் பதில்.
பள்ளிக்கூட இடாப்பு மாதிரி.
"வந்தேன் சேர்" என்ற பிள்ளை
சாப்பிட்டு வந்ததா என்று எழுத
இடாப்பில் நிரல் இல்லை.

ருவன்தவுக்கு இந்த முறை பிடிக்காது.
"எதுக்கு மச்சான் ஓயாமல் கதவைத் தட்டுறது?
லைனில பாதி பாரம் எங்கட கேள்விதான்.
விடு. ஏதும் நடந்தால் அதுகளே சொல்லட்டும்."

சொல்லட்டும்தான்.
ஆனால் சொல்லாத பெட்டி
சுகமாயிருந்து சும்மா இருக்கிறதா,
செத்துச் சும்மா இருக்கிறதா?
கேட்டவனுக்கு மௌனமும் ஒரு பதில்.
காத்திருப்பவனுக்கு அது வெறும் மௌனம்.
வெள்ளைப் பலகையில் அம்புக்குறி போட்டு
அவனுக்கு இதை விளக்கினேன்.
கெட்டிக்காரன் நான்.

அந்தக் கிழமைதான் தெரியவந்தது,
கோசலைக்கு ராஜகிரிய வேலை இல்லாமற் போய்
மூன்று கிழமை.
காலையில் அதே கைப்பை, அதே குடை.
176இல் கடைசித் தரிப்பிடம் வரை போய்
இறங்கி, ஒரு தேத்தண்ணி குடித்து,
அதே பஸ்ஸில் திரும்பி வருவாளாம்.
கண்டக்டருக்குத் தெரிந்திருக்கிறது.
இரவு வேலை முடிந்து ஏறி வரும் நான்
படியில் எதிர்ப்படுவேன்.
"வேலைக்கோ?"
"ஓம்."
பச்சை.
பதினைந்து நாள் கேட்டிருக்கிறேன்.
பதினைந்தும் பச்சை.

"நீ சொல்லேல்லையே" என்றேன்.
"நீங்கள் கேக்கேல்லையே."
"ஒவ்வொரு நாளும் கேட்டனான்!"
"அது கேள்வியோ?"
குக்கர் விசிலடித்தது.
இரண்டு பேரும் குக்கரைப் பார்த்தோம்.

இன்றைக்கு 2.10.
வெல்லம்பிட்டியப் பெட்டி: நலம். முப்பத்தொரு பாகை.
2.15. பதிலில்லை.
இன்னொருதரம். பதிலில்லை.
சிவப்பு.

களனி ஏறுகிறது என்று மாலையே சொன்னார்கள்.
மற்றப் பதிவேட்டைக் கிளறினேன்,
பெட்டிகள் தாமாக வந்து கொட்டிவிட்டுப் போகும் அந்தக் குப்பையை.
போர்ட் மூடியது, போர்ட் திறந்தது,
விசிறி மெதுவாகிறது, விசிறி சரி,
ஒன்பதாயிரம் வரி அலட்டலுக்கு நடுவில்
2.12.40க்கு ஒன்று:
மின்சாரம் போகிறது.

இதுகளுக்குள் ஒரு சின்ன மின்தேக்கி இருக்கும்.
கரண்ட் அறுந்த பிறகும்
கண்ணிமைக்கும் நேரத்திலும் கொஞ்சத்துக்கு
உயிரைப் பிடித்து வைத்திருக்கும்,
ஒரேயொரு வசனம் அனுப்ப.
கைநூலில் அதன் பெயர் கடைசி மூச்சு.
கிடைத்ததா என்று திரும்பிக் கேட்க அதற்கு நேரமில்லை.
கேளாமலே சொல்லியிருக்கிறது,
என்னுடைய இரண்டு கேள்விகளுக்கு நடுவில்.
நான் அப்போது இஞ்சித் தேத்தண்ணிக்குச்
சீனி போட்டுக்கொண்டிருந்தேன்.

ருவன்த போனில் யாரோடோ சிங்களத்தில் கத்துகிறான்.
தண்ணீர் வடியாமல் ஒருவரும் கிட்டப் போக முடியாது.
விதிப்படி நான் அந்தப் பெட்டியைப்
பட்டியலில் இருந்து நிறுத்தி வைக்க வேண்டும்,
வீணாக மணி அடியாமலிருக்க.
நிறுத்தவில்லை.
2.20. தண்ணீருக்குள் கிடப்பதிடம்
கணினி கேட்கிறது, எவ்வளவு சூடு என்று.
2.25. மறுபடியும்.

போனை எடுத்தேன்.
கோசலை நித்திரையாயிருப்பாள்.
எழுதினேன், அழித்தேன், எழுதினேன்.
அந்த பஸ்ஸில் எந்தப் பக்கச் சீற்றில இருந்தனீ?
வெயில் படுமோ?

2.30.